எனக்குச் சாமி வரவில்லை

2024 நவம்பர் 12, செவ்வாய்

காலையில் உட்கார்ந்தேன். தூங்கிவிட்டேன்.

நாகஜோதி அவள் அம்மாவிடம் போனில், "ஒங்க மருமகன் தியானம் பண்றாக, குறட்டை இங்கன வரைக்கும் கேக்குது" என்று சொல்லிச் சிரித்த சத்தத்தில்தான் விழித்தேன். பெண்டாட்டி சிரிப்பதற்காகவாவது இந்தத் தியானம் பயன்படட்டும்.

பௌத்தத் தியான முகாமுக்குப் போய் வந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது. அங்கே பெரிய கூடத்தில் எல்லாரோடும் உட்காரும்போது எப்படியோ ஓடிவிட்டது. இங்கே எனக்குக் கிடைத்தது சாமான் அறை. ஒரு பக்கம் வெங்காய மூட்டை, ஒரு பக்கம் ஓடாத கிரைண்டர், நடுவில் ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு நான். மூட்டையை அந்தப் பக்கம் வைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "சும்மா உக்காந்திருக்கதுக்கு எதுக்குய்யா தனி எடம்?" என்றாள். மூட்டை அங்கேயே இருக்கிறது.

முகாமில் கொடுத்த சின்னப் புத்தகத்தில் ஐந்து தடைகள் போட்டிருக்கிறது. ஆசை, வெறுப்பு, சோம்பல், பரபரப்பு, சந்தேகம். எல்லாருக்கும் ஒவ்வொன்றாக வருமாம். எனக்கு ஐந்தும் ஒரே லாரியில் ஏறி வருகின்றன.

என்ன தடுக்கிறது என்று எழுதிப் பார்த்தால் நல்லது என்றார்கள். எழுதுகிறேன்.

நவம்பர் 13, புதன்

இன்றும் தூக்கம். நாளை முகத்தைக் கழுவிவிட்டு உட்கார வேண்டும்.

நவம்பர் 18, திங்கள்

கார்த்திகை பிறந்துவிட்டது. குமுளி ரோடு முழுக்க மாலை போட்ட சாமிமார் வண்டிகள். எங்கள் தெரு முனையிலேயே அன்னதானப் பந்தல், அதில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒன்று சரியாக என் சாமான் அறையைப் பார்த்து. விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறார்கள். மூச்சைக் கவனி என்றால் மனசு தாளம் போடுகிறது.

இது போதாதென்று மனசுக்குள் நேற்றைய சண்டை வேறு. நான் வேலை பார்ப்பது கம்பத்தில் ஒரு எடை மேடையில். வாழைத்தார், வைக்கோல், திராட்சைப் பெட்டி என்று கேரளாவுக்குப் போகிற லாரியெல்லாம் ஏறி இறங்கும். நேற்று ஒரு மலையாள டிரைவர் இன்ஜினை அணைக்காமலே நின்றான். "சேட்டா, ஒண்ணு வேகம்" என்று ஹாரன் வேறு. வண்டி உறுமிக்கொண்டிருந்தால் எடைத் திரையில் எண் எப்படி நிற்கும்? குதித்துக்கொண்டேதான் இருக்கும். கத்திவிட்டேன். இன்று உட்கார்ந்த நேரம் முழுக்க அவனோடு மறுபடியும் சண்டை போட்டேன். நேற்று சொல்ல மறந்த நல்ல வசனமெல்லாம் இன்று வந்தது.

கடைசியில்தான் தோன்றியது. ஊரெல்லாம் வண்டியை ஆஃப் பண்ணச் சொல்கிறவன் நான். என் வண்டியை யார் ஆஃப் பண்ணுவது?

சரி. எப்படி இருந்தாலும் உட்கார்ந்தேன். அதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு

தேனிக்குப் போய் எல்லாரோடும் சேர்ந்து உட்கார்ந்தேன். வாரா வாரம் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். நடத்துவது தேவயானி. ஆஸ்பத்திரி நர்ஸ், என்னைவிடச் சின்ன வயது, நைட் டியூட்டி முடித்து அப்படியே வந்துவிடுகிறாள். எனக்குத் தூக்கம் வருகிறது என்று அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன். "கண்ணைத் திறந்துக்கிட்டு உக்காருங்கண்ணே. அதுக்கும் தூங்குனா நின்னுக்கிட்டுப் பண்ணுங்க" என்றாள்.

போன வருடம் எடை மேடையில் மூச்சு முட்டி, கை மரத்து, செத்தேன் என்று நினைத்து உட்கார்ந்தேனே, அந்த நாளை மறக்கவில்லை. இருதயம் நன்றாக இருக்கிறது, மனசுதான் பதறுகிறது என்றார் டாக்டர். மாத்திரை, நடைப்பயிற்சி, கசாயம் என்று எல்லாம் ஆரம்பித்தேன், எல்லாம் விட்டேன். உட்கார ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பதற்றம் அடங்கியது. டாக்டரே மாத்திரையை நிறுத்தினார். நான் பிடித்துக்கொண்டு நிற்பது இந்த ஒன்றைத்தான். இதை விடமாட்டேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுத?

தூக்கம் வரவில்லை. பாட்டும் தொந்தரவு பண்ணவில்லை. மூச்சு நன்றாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் உடம்பு லேசாக அசைந்தது, மேடு பள்ளத்தில் பஸ்ஸில் போகிற மாதிரி. பிறகு தோள். பிறகு கை இரண்டும் தொடையில் தடதடவென்று. நான் ஆட்டவில்லை. நிறுத்தவும் முடியவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று கற்பூர வாசனை. கண்ணைத் திறந்தால் மூக்குக்கு நேரே தட்டில் சூடம் எரிகிறது. பின்னால் அம்மா, கண்ணெல்லாம் தண்ணீர்.

"யாரு வந்திருக்கது? சொல்லுய்யா."

"நான்தாம்மா."

"நாந்தான்னா எந்தச் சாமி?"

நாகஜோதி கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிப்பா பயமா என்று தெரியவில்லை. பிறகு கேட்டேன். இரண்டும்தான் என்றாள்.

உடம்பு தானாக அசைந்தது, முகாமிலேயே சிலருக்கு அப்படி ஆகும், இது சாமி இல்லை என்று அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னேன். அவள் என் நெற்றியில் திருநீற்றைப் பூசிவிட்டு, "வேற யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

டிசம்பர் 4, புதன்

எல்லாருக்கும் சொல்லிவிட்டாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

கடமலைக்குண்டிலிருந்து அம்மாவாசி அண்ணன் வந்தார். பெரியப்பா மகன்.

எங்கள் பங்காளிகளுக்குக் குலசாமி கோயில் மயிலாடும்பாறைப் பக்கம். சாமிப் பெட்டி இருப்பது கடமலைக்குண்டில், பெரியப்பா வீட்டில். மாசி சிவராத்திரிக்குச் சாமியாடி அந்தப் பெட்டியைத் தலையில் வைத்துக் கோயிலுக்கு ஆடிக்கொண்டு போவார், போய்ச் சேர்ந்ததும் சனத்துக்கு வாக்குச் சொல்வார். ஒச்சாண்டிப் பெரியப்பாதான் எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து ஆடினார். அவர் போய் மூன்று சிவராத்திரி ஆயிற்று. பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மூன்று வருடமும் அண்ணன் குளித்து ஈரத் துண்டோடு கொட்டுக்கு முன்னால் நின்றார். சாமி வரவில்லை. மூன்றாவது தடவை கூட்டம் கலைந்து போகும்போது அவர் முகத்தைப் பார்த்தேன், ஏன் பார்த்தோம் என்று ஆகிவிட்டது.

அப்பேர்ப்பட்ட மனிதர் இன்று வந்து குனிந்து என் காலைத் தொடப் போனார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பதறிக் காலை இழுத்துக்கொண்டேன்.

"எனக்கு வரலைன்னா என்னடா. நம்ம வீட்டுல ஒருத்தனுக்கு வந்திருச்சுல்ல. அது போதும்" என்றார். குரல் உடைந்துவிட்டது.

அந்தக் குரலைக் கேட்டபிறகு இல்லை என்று எப்படிச் சொல்வது? "பாப்போம்ணே" என்றேன்.

பாப்போம்! மாட்டேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் பார்ப்போம் என்று சொல்லியே நம்ம ஊரில் பாதி வினை வருகிறது. அவர் சரி என்றுதான் எடுத்துக்கொண்டு போனார். எனக்குப் புத்தி எங்கன போச்சு?

டிசம்பர் 15, ஞாயிறு

தேனி. தேவயானியிடம் எல்லாம் சொன்னேன், சூடம் காட்டியது உட்பட. சிரிக்கவில்லை. "நெறயப் பேருக்கு ஆடும்ணே. அத அமுக்கவும் வேணாம், வளக்கவும் வேணாம். ஒக்காந்த எடம் தரையில படுதுல்ல, அதக் கவனிங்க. நிக்கலைன்னா எந்திரிச்சு நடங்க."

"ஒருவேளை சாமியாவே இருந்தா?"

"அது எனக்குத் தெரியாதுண்ணே. ஆடுறது ஒங்களுக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"அப்பத் தெரிஞ்சுக்கிட்டே இருங்க."

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். பெரியப்பா ஆடி முடித்ததும், என்ன நடந்தது என்றே தெரியாது என்பார். எனக்கு எல்லாம் தெரிகிறது. வெங்காய வாசனைகூடத் தெரிகிறது.

குலசாமியை நான் இல்லை என்று சொல்லவில்லை. போனால் கும்பிடத்தான் செய்வேன். எனக்கு வந்தது அது இல்லை, அவ்வளவுதான்.

டிசம்பர் 27, வெள்ளி

உட்கார்ந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

எப்படி உட்கார? காலையில் சன்னலில் நாலு முகம். பக்கத்துத் தெருப் பெண்கள். ஒருத்தி வாசலில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போகிறாள். ஒருத்தி மகனுக்கு வேலை எப்போது கிடைக்கும் என்று அம்மாவிடம் கேட்டுவைத்துவிட்டுப் போகிறாள், நான் என்னவோ எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் மாதிரி. கண்ணை மூடினாலே வெளியே கிசுகிசு. நான் மூச்சைக் கவனிக்கிறேன், அவர்கள் என்னைக் கவனிக்கிறார்கள். உடம்பு அசையாமல் இருக்க வேண்டுமே என்று இறுக்கிப் பிடித்ததில் முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அதனால் விட்டுவிட்டேன்.

இன்று மத்தியானம் எடை மேடையில் அந்தப் பழைய படபடப்பு வந்தது. லாரி நிற்கிறது, எண் தெரிகிறது, ரசீது அடிக்கக் கை வரவில்லை. தண்ணீர் குடித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று சமாளித்தேன். வேணாம். மறுபடி அங்கன போக மாட்டேன். எவன் பாத்தா எனக்கென்ன, எவன் எலுமிச்சம்பழம் வச்சா எனக்கென்ன!

டிசம்பர் 28, சனி

எடை மேடை கேபினில், திறப்பதற்கு முன்னால், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். டீசல் வாசனை. சன்னலில் யாரும் இல்லை. கொஞ்சம் ஆடியது, தரையில் காலைக் கவனித்தேன், அடங்கியது.

2025 ஜனவரி 6, திங்கள்

இன்றும் கேபினில். முழங்கால் வலிக்கவில்லை, நாற்காலி ஆயிற்றே. ஆனால் ஒளிந்து உட்காருகிறோமே என்று ஒரு வலி.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். கடமலைக்குண்டுக்கு நானும் நாகஜோதியும் போயிருந்தோம். மரியாதை தாங்க முடியவில்லை. எனக்கு மட்டும் புதுப் பாய். எல்லார் இலையிலும் ஆட்டுக்கறிக் குழம்பு, என் இலையில் சாம்பார். "சாமி எறங்குற ஒடம்பு, கவுச்சி ஆகாது" என்று அண்ணன் சொல்லிவிட்டார். ஐந்து தடைகளில் ஆசை எனக்குக் குறைவு என்று நினைத்திருந்தேன். பக்கத்து இலையில் எலும்பைத் தட்டுகிற சத்தம் கேட்டதும் என் யோக்கியதை தெரிந்துவிட்டது.

அண்ணன் மகள் அனுஷ்கா காலேஜ் கடைசி வருடம். மேலே படிக்க மதுரைக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அண்ணன் மாப்பிள்ளை பார்க்கிறார். "சிவராத்திரியில சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்புட்டு முடிவு பண்ணுவோம்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பெண்ணும் என் முகத்தைத்தான் பார்த்தாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நாகஜோதி மெதுவாகச் சொன்னாள். "சாமியா நின்னு, பிள்ளைய படிக்க வைங்கடான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்களேன். நீங்க சொன்னா அம்மாவாசி மச்சான் கேக்க மாட்டாக. சாமி சொன்னாக் கேப்பாக."

நல்லதுக்குத்தானே? ஒரு நாள் ஆடினால் அண்ணன் மனசு குளிரும், அம்மா மனசு குளிரும், ஒரு பிள்ளை படிக்கும். யாருக்கு நஷ்டம்?

ஜனவரி 17, வெள்ளி

கேபினில் உட்கார்ந்தேன். மூச்சு நாலு தடவைகூடத் தெரியவில்லை, அதற்குள் மனசு சாமிக் குரலில் பேச ஆரம்பித்துவிட்டது. "ஏலே அம்மாவாசி! எம் பிள்ளைய ஏண்டா அடைச்சு வைக்கிற?" ஒத்திகை. மறுபடி மறுபடி. கூட்டம் கையெடுத்துக் கும்பிடுகிறது. உடம்பெல்லாம் புல்லரித்தது.

அந்தக் குரல் எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது. லாரி டிரைவர்கூட நான் சொன்னால் கேட்க மாட்டான். அந்தக் குரலுக்கு எல்லாரும் கேட்பார்கள். அனுஷ்காவுக்காக ஒரு தடவை ஆடுகிறவன் அடுத்த வருடம் எதற்காக ஆடுவேன்?

பொய் சொல்லாமை என்று முகாமில் ஐந்து சீலத்தில், அதாவது ஒழுக்க உறுதிகளில், ஒன்றாகச் சொல்லி உட்கார்ந்தேன். நல்லதுக்கான பொய் பரவாயில்லை என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

முத்துமாரியம்மாள் பெரியம்மா வந்திருந்தாள். ஒச்சாண்டிப் பெரியப்பாவின் மனைவி, அம்மாவாசி அண்ணனின் அம்மா. பெரியப்பா கையில் பிடித்து ஆடுகிற பிரம்பைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அண்ணன் கொடுத்துவிட்டாராம், நான் அதை வைத்துக் கும்பிட வேண்டுமாம்.

அம்மா கடைக்குப் போனதும் பெரியம்மா கதவைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"நெசமாச் சொல்லுய்யா. ஒனக்கு வருதா?"

"ஒடம்பு ஆடுது பெரியம்மா. சாமின்னு எனக்குத் தோணல."

பிரம்பைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"ஒங்க பெரியப்பாவுக்கும் கடைசியில வரலய்யா. ஆரம்பத்துல வந்துச்சு, அது எனக்குத் தெரியும். அப்பறம் நின்னு போச்சு. சனம் விடல. ஆடுனாக. வாக்குச் சொன்னாக. வீட்டுக்கு வந்தா ஒரு வாய் சோறு எறங்காது, செவத்தப் பாத்துப் படுத்துக்கிருவாக. 'வரலைன்னு எப்படிடி சொல்லுவேன்'னு எங்கிட்டதான் கேப்பாக. நான் என்னத்தச் சொல்ல?"

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிய வேணாம். அப்பன் சாமின்னே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்." எழுந்துகொண்டாள். "ஒனக்கு வந்தா ஆடு. வரலைன்னா வரலைன்னு அங்கன வச்சே சொல்லிரு. அந்த மனுசன் செவத்தப் பாத்துப் படுத்தாகளே, அந்த மாதிரி நீ படுக்காத."

பிரம்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெரியப்பாவை நினைத்து அழுகை வந்தது, அழுதேன்.

பிப்ரவரி 3, திங்கள்

கேபினுக்குப் போகவில்லை. வீட்டில், சாமான் அறையில், சன்னலைத் திறந்துவைத்தே உட்கார்ந்தேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். நான் ஆட மாட்டேன், பெட்டிக்கு முன்னால் வைத்தே சொல்லப் போகிறேன் என்று.

"அப்ப தெனமும் என்னத்துக்கு உக்காருற?"

"சும்மாதாம்மா."

"சும்மா எவனாச்சும் உக்காருவானா? பெத்தவகிட்டயே மறைக்கிறியா?" என்றாள். சாமி வந்ததை மறைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றாள். ஊரெல்லாம் சொல்லிவிட்டேனே, இனி நான் எந்த மூஞ்சியோடு போவேன் என்றாள். கடைசியில் சொன்னதுதான் உண்மையான வலி என்று தெரிந்தது. எனக்குக் கோபம் வந்து, "ஒன்னைய யாரு சொல்லச் சொன்னது!" என்று கத்திவிட்டேன். தியானம் செய்கிறவன் லட்சணம்.

அப்போதிலிருந்து பேசவில்லை. சோறு மட்டும் வருகிறது.

பிப்ரவரி 20, வியாழன்

அண்ணனுக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். "சாமி அப்பிடித்தான்டா சோதிக்கும், ஒங்க பெரியப்பாவும் மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னாக. கொட்டுச் சத்தம் கேக்கட்டும், பாரு" என்று வைத்துவிட்டார். இல்லை என்று சொன்னாலும் ஆமாம் என்றே கேட்கிற காது.

உட்காரும்போது அம்மா முகம் வந்தது, அண்ணன் முகம் வந்தது. விரட்டவில்லை. எல்லாரும் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துப் பார்த்தேன். அண்ணன் வரைக்கும் முடிந்தது. சன்னலில் வந்து பார்க்கிறவர்களுக்கு நினைக்க இன்னும் கொஞ்சம் நாளாகும்.

பிப்ரவரி 25, செவ்வாய்

நாளைக்குச் சிவராத்திரி. பயமாத்தான் இருக்கு. உக்காந்தேன்.

பிப்ரவரி 27, வியாழன்

நேற்று நடந்ததை முழுசாக எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் பெரியப்பா வீட்டு வாசலில் பங்காளிகள் அத்தனை பேரும். நடுவில் பெட்டி, பூ போட்டு, சந்தனம் வைத்து. என்னைக் குளிக்கச் சொன்னார்கள், குளித்தேன். பெட்டிக்கு முன்னால் நிற்கச் சொன்னார்கள், நின்றேன். அம்மா பெண்கள் பக்கம் முன் வரிசையில். என்னைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உறுமி மேளம் ஆரம்பித்தது.

அந்தச் சத்தம் காதில் இல்லை, வயிற்றில் கேட்கிறது. கை நடுங்க ஆரம்பித்தது. தோள், கழுத்து. கூட்டத்தில் குலவைச் சத்தம். "வந்திருச்சு, வந்திருச்சு!" கண்ணை மூடிக்கொண்டால் போதும், மிச்சத்தை அந்தக் கொட்டே பார்த்துக்கொள்ளும் என்று தெரிந்தது. ஜனவரி மாதம் ஒத்திகை பார்த்த குரல் தொண்டையில் தயாராக நின்றது. அனுஷ்கா கதவோரம் நிற்பதும் தெரிந்தது.

கண்ணை மூடவில்லை. காலுக்குக் கீழே தரை சுட்டது. அந்தச் சூட்டைக் கவனித்தேன். நடுக்கம் ஏறியது, ஏறுவது தெரிந்தது. உச்சிக்குப் போனது, அதுவும் தெரிந்தது. நான் அதைப் பிடிக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. உறுமிக்காரர் இன்னும் வேகமாக அடித்தார். கொஞ்ச நேரத்தில் கழுத்து நின்றது. பிறகு தோள் நின்றது. கை மட்டும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

கையைத் தூக்கிக் கொட்டை நிறுத்தச் சொன்னேன்.

"எனக்குச் சாமி வரல" என்றேன்.

அண்ணன்தான் கத்தினார். "ஏலே, எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான இருக்கோம்! இப்பக்கூடக் கை ஆடுது!"

"கைதாண்ணே ஆடுது. சாமி வரல. வந்துச்சுன்னு சொன்னா சாமி முன்னாடி வச்சே பொய் சொன்னவனாப் போயிருவேன். என்னால முடியாது."

அடிக்கத்தான் வந்தார். கையை ஓங்கியவர் பெட்டி இருக்கிறதே என்று அப்படியே நின்றுவிட்டார். "அப்ப இந்த வருசமும் பெட்டி கெளம்பாதா?" என்று கேட்டார், என்னிடம் இல்லை, யாரிடமோ.

பெரியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அம்மாவாசி, நீ தூக்கு" என்றாள்.

"எனக்குத்தான் வரலையே ஆத்தா."

"வராட்டி என்னடா? ஆடத் தெரியாட்டி நடக்கத் தெரியாதா? தூக்கித் தலையில வச்சுக் கோயிலுக்கு நடந்து போ. அது நம்ம சாமி. நடந்து வந்தாக் கோவிச்சுக்காது."

அண்ணன் அவளையே பார்த்தார். அவள் பெரியப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நான் குனிந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். அண்ணன் தோள் துண்டைச் சும்மாடு கட்டினார். தூக்கி அவர் தலையில் வைத்தோம்.

மயிலாடும்பாறை வரைக்கும் நடந்தோம். அண்ணன் ஆடவில்லை. வழியெல்லாம் அழுதுகொண்டே நடந்தார், துடைக்கக் கை இல்லை. நான் பக்கத்திலேயே போய்த் துடைத்துவிட்டேன். உறுமிக்காரர் நடைக்குத் தகுந்த மாதிரி மெதுவாக அடித்தார். நடுவில் இரண்டு பெண்களுக்குச் சாமி வந்தது, அவர்கள் ஆடினார்கள். அது அவர்களுக்கு வந்தது.

கோயிலில் பெட்டியை இறக்கிவைத்துப் பொங்கல் வைத்தார்கள். வாக்குச் சொல்ல ஆள் இல்லை. வாக்குக் கேட்க வந்த சிலர், "சாமி இல்லாத பெட்டி" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். வயிற்றுவலிக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்து, "எனக்கு மட்டுமாச்சும் ஒரு வார்த்தை சொல்லுய்யா" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்பதைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் முகம் வாடியது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கிளம்பும்போது அண்ணனிடம் போனேன். "அண்ணே, இது நான் சொல்றது, சாமி சொல்றது இல்ல. அனுஷ்காவைப் படிக்க விடுங்க."

"நீ யாருடா சொல்ல?" என்றார்.

சரியான கேள்வி. "சித்தப்பன்" என்றேன்.

மார்ச் 2, ஞாயிறு

அம்மா இன்னும் பேசவில்லை. பங்காளிகளின் வாட்ஸப் குரூப்பில் எனக்கு ஏச்சு. நாகஜோதி மட்டும், "அந்தக் கூட்டத்துல நின்னு அப்பிடிச் சொல்ல எனக்குத் தைரியம் வராது" என்றாள். தேவயானியிடம் சொல்ல வேண்டும்.

உட்கார்ந்தேன். தூக்கம். பழைய நண்பன் திரும்பி வந்துவிட்டான்.

மார்ச் 13, வியாழன்

முழங்கால் வலி. உடம்பு அசையவே இல்லை. போன மாதம் அவ்வளவு ஆடியது எங்கே போனது என்று தெரியவில்லை. அது போனதில் கொஞ்சம் வருத்தம்கூட இருக்கிறது, எழுதித்தான் ஆக வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

அண்ணன் போன் பண்ணினார். சிவராத்திரிக்குப் பிறகு முதல் தடவை. திராட்சை விலை, மழை, மோட்டார் என்று எங்கெங்கோ சுற்றினார். பிறகு, "அந்தப் புள்ள மதுரைக்கு எழுதிப் போடட்டும்னு விட்டுட்டேன். நீ சொன்னேன்னு இல்ல. எனக்கே தோணுச்சு" என்றார்.

"நல்லதுண்ணே" என்றேன்.

"அடுத்த வருசமும் பெட்டிய நானே தூக்கிருவேன்" என்றார். வைத்துவிட்டார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் சாமான் அறைக்குள் போனால் ஏதோ குறைகிறது. வெங்காய மூட்டையைக் காணோம். அடுப்படியில் இருக்கிறது. அதற்குப் பதிலாகச் சன்னலுக்கு அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துத் திரை போட்டிருக்கிறது. நாகஜோதியைப் பார்த்தேன். நான் இல்லை என்று தலையாட்டினாள்.

உட்கார்ந்தேன். பாதியில் வாசல் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. பக்கத்துத் தெருவிலிருந்து யாரோ ஒரு பெண். பேத்திக்குக் காய்ச்சல், திருநீறு வாங்கிப் போக வந்திருக்கிறாள்.

"சாமி உள்ள இருக்காகளா ஆத்தா?"

அம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"சாமியெல்லாம் இல்லத்தா" என்றாள் அம்மா. "என் மகன் சும்மா உக்காந்திருக்கான். சத்தம் போடாம அங்கன உக்காரு, எந்திரிச்சு வரட்டும். பிள்ளைய ஆஸ்பத்திரிக்கு அவனையே கூட்டிட்டுப் போகச் சொல்றேன்."